ஷியா வெண்ணெய் தேடும் வீட்டில், வரப்போரம் நிற்கும் இலுப்பை

வாசகர் கேள்வி

“தேன்கனிக்கோட்டை பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ராகியும் கொள்ளும் போடுகிறோம். மகள் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் வேலைக்குப் போகிறாள். இரண்டு வருஷமாக அவள் விரல்களில் வெடிப்பு. மார்கழி, தை வந்தால் ரத்தமே கசிகிறது. கூட வேலை செய்யும் பெண்கள் சொல்லி ‘ஷியா பட்டர்’ என்று ஒரு சின்ன டப்பா வாங்கிப் பூசுகிறாள். பூசினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், டப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. இப்போது நர்சரி ஆள் ஒருவர் வந்து, ‘அந்த ஷியா மரத்தையே உங்கள் நிலத்தில் நடலாம், கொட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்கிறார். கன்று வாங்கப் பணம் வேண்டும். வரப்பில் நிற்கும் மூன்று இலுப்பை மரங்களை மர வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என் மாமியார் காலத்து மரங்கள். கொடுக்கலாமா?”

- தேன்கனிக்கோட்டை வட்டத்து வாசகி

பதில்

அவசரப்பட வேண்டாம். எந்த மரத்தின் வெண்ணெயைக் காசு கொடுத்து வாங்குகிறார்களோ, அதன் நெருங்கிய உறவுக்கார மரத்தைத்தான் வெட்டப் பார்க்கிறார்கள். ஷியாவும் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம். சப்போட்டாவும் அந்தக் குடும்பம்தான். இரண்டு மரத்தின் கொட்டையிலும் கொழுப்பு இருக்கிறது. இரண்டு கொழுப்பும் குளிரில் வெண்ணெய் போல உறையும். இரண்டையும் அந்தந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தோலுக்குப் பூசி வந்திருக்கிறார்கள்.

ஷியா என்பது என்ன மரம்?

ஷியா ஆப்பிரிக்க மரம். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கில் செனகல் தொடங்கி கிழக்கில் உகாண்டா வரை ஒரு பட்டை போலப் பரவியிருக்கும் வறண்ட புல்வெளி நிலத்தில் வளர்கிறது. மாலி, புர்கினா பாசோ, கானா, நைஜீரியா ஆகிய நாடுகளில் அதிகம். அங்கே அதை யாரும் தோப்பாக நடுவதில்லை. காட்டைத் திருத்தி உழும்போது ஷியா மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். கம்பும் சோளமும் அந்த மரங்களுக்கு நடுவே விளையும். நம் ஊரில் வரப்பில் இலுப்பையையும் புங்கனையும் விட்டுவைத்ததைப் போலத்தான்.

ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க் 1796-ல் நைஜர் ஆற்றைத் தேடிப் போனபோது இந்த மரத்தைப் பார்த்து எழுதினார். அதற்குப் பிறகுதான் ஐரோப்பியர்களுக்கு இது பரவலாகத் தெரிய வந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே தெரியும். மழைக்கால விடியலில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சதையைத் தின்றுவிட்டு, கொட்டையை வேகவைத்துக் காயவைப்பார்கள். ஓட்டை உடைத்துப் பருப்பை வறுத்து அரைப்பார்கள். அரைத்த விழுதில் தண்ணீர் ஊற்றி, தயிர் கடைவது போலக் கையாலேயே அடித்தால் கொழுப்பு நுரையாக மேலே திரளும். அதைக் கழுவிக் காய்ச்சினால் ஷியா வெண்ணெய்.

சமையலுக்கு, விளக்குக்கு, சோப்புக்கு எல்லாம் அதுதான். பிறந்த குழந்தையின் உடம்புக்குத் தடவுவார்கள். சகாராவிலிருந்து தூசியோடு வரும் வறண்ட பனிக்காலக் காற்றில் உதடும் குதிகாலும் வெடிக்கும்போது பூசுவார்கள். சுளுக்குக்குத் தேய்ப்பார்கள். மூக்கடைப்புக்கு மூக்கினுள் தடவும் வழக்கமும் உண்டு. 1979-ல் நைஜீரிய ஆய்வாளர் ஒருவர் இந்த மூக்கடைப்பு வைத்தியத்தை நோயாளிகளிடம் சோதித்து, பலன் தெரிந்ததாக எழுதினார். அது ஆரம்பக்கட்ட ஆய்வுதான். அதைப் படித்துவிட்டு இங்கே குழந்தைகளின் மூக்கில் எந்த எண்ணெயையும் விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

நர்சரி ஆள் சொல்லாத கணக்கு

ஷியா மரம் காய்க்கத் தொடங்கவே சுமார் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். முழு விளைச்சலுக்கு அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். இன்று நட்டால், மகளின் குழந்தை கல்லூரிக்குப் போகும் வயதில்தான் முதல் கொட்டை விழும். கொட்டையை வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர் அதுவரை அந்தத் தொழிலில் இருப்பார் என்பதற்கு யார் பொறுப்பு?

இன்னொன்று, ஷியா விதைக்கு ஆயுசு குறைவு. பழத்திலிருந்து எடுத்துச் சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். ஆப்பிரிக்காவிலிருந்து விதை வந்து, முளைத்து, கன்றாகி, சந்தைக்கு வருவது சுலபமல்ல. கையில் கொடுக்கும் கன்று ஷியாதானா என்று விவசாயியால் இலையை வைத்துச் சொல்ல முடியாது. இலுப்பைக் கன்றின் இலையும் ஷியா இலையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சொந்த மரத்தை வெட்டி விற்ற காசில், அதே மரத்தின் கன்றை வேறு பெயரில் வாங்கி நடும் ஆபத்து இதில் இருக்கிறது. வெளிநாட்டு மரக்கன்று என்று யார் வந்தாலும், காய்த்து நிற்கும் ஒரு மரத்தையாவது காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் பணம் கொடுக்கக் கூடாது.

இலுப்பை என்ன தரும்?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்த மரத்துக்கு மூன்று மொழியிலும் பெயர் உண்டு. தமிழில் இலுப்பை, தெலுங்கில் இப்ப, கன்னடத்தில் ஹிப்பே. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து பூக்கும். ஆலை இல்லாத ஊருக்குச் சர்க்கரையாக இருந்தது என்று பழமொழி சொல்வது இந்தப் பூவைத்தான். ஆனி முதல் ஆவணி வரை பழம் பழுக்கும். மண்ணெண்ணெய் வருவதற்கு முன் வீட்டு விளக்கும் கோயில் விளக்கும் இலுப்பெண்ணெயில் எரிந்தன.

பருப்பில் 35 முதல் 50 சதவிகிதம் வரை கொழுப்பு இருக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி இரவில் இந்த எண்ணெய் பாத்திரத்தில் நெய்யாக உறைந்துவிடும். மலையிறங்கி கிருஷ்ணகிரிக்குப் போனால், வெயில் ஏறியதும் இளகிவிடும். ஷியா வெண்ணெய் அப்படி இளகாது. அது உருக உடம்புச் சூடு வேண்டும். காரணம், ஷியாவில் ஸ்டியரிக் என்ற கெட்டிக் கொழுப்பு அமிலம் சுமார் 40 சதவிகிதம். இலுப்பையில் அது 20 முதல் 25 சதவிகிதம்தான். ஒலியிக் என்ற இளகிய அமிலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு, பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஷியாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சோப்பாக மாறாத பொருள்கள் அதில் கூடுதலாக இருக்கின்றன. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கும் குணம் அவற்றுக்கு இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. இலுப்பெண்ணெயில் அவை குறைவு. ஆகவே, இரண்டும் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. ஆனால், வெடித்த கைக்கு ஷியா செய்யும் முக்கியமான வேலை, தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பது. அந்த வேலையை இலுப்பெண்ணெயும் செய்யும்.

சித்த மருத்துவத்தில் இலுப்பெண்ணெய் வெளிப்பூச்சாக இடுப்பு வலி, மூட்டு வலி, சொறி, கரப்பான் ஆகியவற்றுக்குச் சொல்லப்படுகிறது. இலையை வதக்கி வீக்கத்தின் மேல் கட்டுவதும் உண்டு. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கைப் பொடித்துத் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்துக் குளித்த பாட்டிமார் இன்னும் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தப் பிண்ணாக்கில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருப்பதால் அழுக்கு போகும். கண்ணில் பட்டால் மட்டும் கடுமையாக எரியும்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘இலுப்பை’ என்ற தமிழ்ச் சொல் ‘இல்லிப்பே’ என்று ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. ஆனால், இன்று உலகச் சந்தையில் ‘இல்லிப்பே பட்டர்’ என்று விற்கப்படுவது போர்னியோ தீவில் வளரும் வேறொரு மரத்தின் கொழுப்பு. அது சால் மர இனத்தைச் சேர்ந்தது. ஆன்லைனில் அந்தப் பெயரைப் பார்த்து, நம் இலுப்பைக்கு அந்த விலை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கிருஷ்ணகிரியின் மாங்கொட்டை

கொழுப்பு அமிலக் கணக்கை மட்டும் பார்த்தால், ஷியாவுக்கு இலுப்பையைவிட நெருக்கமான ஒன்று இந்த மாவட்டத்திலேயே குவிந்து கிடக்கிறது. அது மாங்கொட்டை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழச் சாறு எடுத்தபின் மலையாகக் கொட்டை மிஞ்சும். அதன் பருப்பிலுள்ள கொழுப்பில் ஸ்டியரிக், ஒலியிக் இரண்டும் சுமார் 40 சதவிகிதம், கிட்டத்தட்ட ஷியாவின் கணக்கு. அழகுப்பொருள் கம்பெனிகள் ‘மேங்கோ பட்டர்’ என்று விற்பது இதைத்தான். சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு 5 சதவிகிதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-ம் ஆண்டில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் ஷியாவும் உண்டு, மாங்கொட்டைப் பருப்புக் கொழுப்பும் உண்டு.

ஆனால், காய்ந்த மாம்பருப்பில் கொழுப்பு பத்து சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும். மரச்செக்கில் போட்டால் எண்ணெய் இறங்காது. கரைப்பான் ஊற்றிப் பிரிக்கும் பெரிய ஆலைக்குத்தான் அது கட்டுப்படியாகும். வீட்டு அளவில் செய்ய முடிந்தது இலுப்பை மட்டுமே.

வீட்டுக்கு எண்ணெய் எடுக்கும் முறை

பழம் உதிரும் நாள்களில் தினமும் காலையில் பொறுக்கிவிட வேண்டும். ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகளும் நிறையக் கிடக்கும். அவற்றையும் எடுக்கலாம். ஆனால், வௌவால் கடித்த பழத்தைக் குழந்தைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுக்கியபின் கொட்டையையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

சதை நீக்கிய கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்து, கையில் ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் வரை வெயிலில் காயவைக்க வேண்டும். கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். கொட்டை எடையில் சுமார் 70 சதவிகிதம் பருப்பு தேறும். மரச்செக்கில் 100 கிலோ பருப்புக்கு 20 முதல் 30 கிலோ எண்ணெய் கிடைக்கும். எக்ஸ்பெல்லரில் 34 முதல் 37 கிலோ வரை கிடைக்கும். அதாவது, ஒரு மரத்தடியில் 30 கிலோ கொட்டை பொறுக்கினால் 21 கிலோ பருப்பு. அதிலிருந்து செக்கில் 4 முதல் 6 கிலோ எண்ணெய். ஒரு குடும்பத்தின் தோல் தேவைக்கு ஆண்டுக்கு ஒரு கிலோவே அதிகம்.

செக்கிலிருந்து வந்த எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். சிறு தீயில் நீர்ச் சலசலப்பு அடங்கும் வரை சூடாக்கி ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி, வெயில் படாமல் வைத்தால் பல மாதங்கள் கெடாது. காரல் வாடை வந்துவிட்டால் தோலுக்கு வேண்டாம், விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஷியா போலக் கெட்டியாக வேண்டுமானால், 100 கிராம் எண்ணெய்க்கு 15 கிராம் தேன்மெழுகு போதும். கோடையில் 20 கிராம். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து, அதில் மெழுகையும் எண்ணெயையும் சேர்த்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. உருகியதும் சுத்தமான டப்பாக்களில் ஊற்றினால் ஆறி உறைந்துவிடும். கற்பூரம், எலுமிச்சைச் சாறு, மஞ்சள் என்று எதையும் சேர்க்க வேண்டியதில்லை. வெடிப்புள்ள தோலில் அவை எரியும்.

முதல் முறை பூசுமுன், முழங்கை மடிப்பின் உள்பக்கம் துளி தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்து அரித்தால் அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

எப்படிப் பூசினால் பலன்?

எந்த வெண்ணெயும் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரத்தைக் காக்கிறது, அவ்வளவுதான். ஆகவே, காய்ந்த கையில் பூசுவதைவிட, கழுவித் துடைத்த உடனே, ஈரம் முழுக்க ஆறுமுன் பூசுவதுதான் பலன் தரும். விலையுயர்ந்த டப்பாவுக்கும் இதே விதிதான்.

மிஷின் வேலைக்குப் போகிறவர்களின் கை வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குளிர் மட்டுமல்ல. கூலண்ட் தண்ணீர், கிரீஸ் இவற்றோடு, வேலை முடிந்ததும் தின்னர், பெட்ரோல், துணி சோப்புத் தூள் போட்டுக் கை கழுவும் பழக்கம்தான் தோலின் இயற்கையான எண்ணெயைச் சுரண்டி எடுக்கிறது. அந்தக் கழுவுதலை நிறுத்தாமல் எதைப் பூசினாலும் ஆறாது. சாதாரணக் குளியல் சோப்பும் தண்ணீரும் போதும். கிரீஸ் போகாவிட்டால் முதலில் துளி எண்ணெயைத் தேய்த்து, பழந்துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடலாம். ஷிப்ட் முடிந்து ஒரு முறை, படுக்குமுன் ஒரு முறை பூசி, இரவில் பருத்திக் கையுறை அல்லது பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். மிஷினில் நிற்குமுன் பூச வேண்டாம், பிடி வழுக்கும்.

ரோஜா, குடைமிளகாய் பசுமைக்குடில்களில் வேலை செய்கிறவர்கள் மருந்து அடிக்கும் முன் கையில் எண்ணெய் பூசக் கூடாது. பல பூச்சிக்கொல்லிகள் எண்ணெயில் கரைபவை. எண்ணெய்க் கையில் அவை ஒட்டிக்கொள்ளும். அங்கே கையுறைதான் பாதுகாப்பு. வீடு வந்து, சோப்பு போட்டுக் குளித்த பிறகு பூசலாம்.

பித்தவெடிப்புக்கு, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் காலை ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து, துடைத்ததும் கெட்டியாகப் பூசி சாக்ஸ் போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும். அவர்கள் குதிகால் வெடிப்பை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

எண்ணெய் போதாத இடங்கள்

அரிப்பு எல்லாவற்றுக்கும் எண்ணெய் மருந்தல்ல. காங்கிரஸ் செடி என்று இந்தப் பக்கம் சொல்லும் பார்த்தீனியத்தின் ஒவ்வாமை, முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்புகளில் வரும். வெயிலில் கூடும். செடியை விட்டு விலகி, தோல் மருத்துவரைப் பார்க்காமல் அது தீராது. சிமென்ட் வேலை செய்பவர்களின் கையில் வரும் புண்ணுக்கு, சிமென்டிலுள்ள குரோமியம் காரணமாக இருக்கலாம். இரவில் கூடும் அரிப்பு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது சிரங்கு. அதை உண்டாக்கும் பூச்சி எண்ணெய்க்குச் சாகாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து பூச வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, அரிக்காத, வலிக்காத, கிள்ளினாலும் உணர்ச்சி தெரியாத வெளிர்ந்த அல்லது சிவந்த தேமல். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ‘வலிக்கவில்லையே’ என்று எண்ணெய் தடவிக்கொண்டு வருஷக் கணக்கில் இருந்தால் கை, கால் நரம்பு போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கூட்டு மருந்து இலவசம். சீக்கிரம் போனால் முழுமையாகக் குணமாகும், ஊனமும் வராது.

கேள்வி கேட்ட வாசகியின் மகளுக்கு இரண்டு வருஷமாக ரத்தம் கசிகிறது என்பதால், ஒரு முறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கூலண்டால் வந்த ஒவ்வாமை என்றால், கம்பெனியில் கையுறையோ வேறு பிரிவோ கேட்க அந்த மருத்துவச் சீட்டு உதவும். பூச்சு அதன்கூட நடக்கட்டும்.

மரத்தைக் கொடுக்கலாமா?

மர வியாபாரி தருவது ஒரு முறைப் பணம். மூன்று மரமும் நின்றால் பெரிய வருமானம் வந்து குவியும் என்றும் சொல்ல முடியாது. இலுப்பெண்ணெய்க்குச் சந்தை சிறியது. விளக்குக்கும் சோப்புக்கும்தான் அதிகம் போகிறது. எல்லா ஆண்டும் ஒரே அளவு காய்க்கவும் காய்க்காது. ஆனால், வீட்டு எண்ணெய்ச் செலவும் டப்பா செலவும் மிச்சம். பிண்ணாக்கு ராகி வயலுக்கு உரம். கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழல். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம். இன்று ஓர் இலுப்பைக் கன்றை நட்டால் அது காய்க்கச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும். அந்தப் பத்து ஆண்டுகளை மாமியார் ஏற்கெனவே காத்திருந்து கொடுத்துவிட்டார்.

ஆகவே, ஷியா கன்றுக்காக இலுப்பையை வெட்ட வேண்டாம். மருத்துவச் செலவு, கடன் என்று வேறு அவசரம் இருந்து விற்றே ஆக வேண்டும் என்றால், காய்ப்பு குறைந்த ஒரு மரத்தை மட்டும் கொடுக்கலாம். அதற்கு முன், இந்த ஆடியில் விழும் விதையை அந்த வாரமே நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும். இலுப்பை விதைக்கும் ஆயுசு குறைவு, அடுத்த வருஷத்துக்கு வைத்தால் முளைக்காது. ஆணிவேர் ஆழமாகப் போகும் மரம் என்பதால், உயரமான பையில் வளர்த்து, வேர் உடையாமல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நடலாம். ஆடு கடிக்காமல் இரண்டு மூன்று வருஷம் வேலி வேண்டும்.

துணைக் கேள்விகள்

பூஜைக் கடையில் கிடைக்கும் இலுப்பெண்ணெயைத் தோலுக்குப் பூசலாமா?

வேண்டாம். ‘விளக்குக்கு மட்டும்’ என்று எழுதி விற்கும் பாட்டில்களில் வேறு எண்ணெய், வாசனை, நிறம் கலந்திருக்கலாம். அது எரிப்பதற்கென்றே தயாரானது. தெரிந்த செக்கில், சொந்தப் பருப்பைக் கொடுத்து ஆட்டிய எண்ணெயைத்தான் உடம்புக்குப் பயன்படுத்த வேண்டும்.

இலுப்பைப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

அப்படியே வைக்கக் கூடாது. சபோனின் மாட்டுக்கு ஆகாது, கசப்பும் அதிகம். உரமாகப் போடலாம். மீன் உள்ள குளம், குட்டை அருகே கொட்டவோ கழுவவோ கூடாது. மீன்கள் செத்து மிதக்கும். அந்தக் காலத்தில் மீன் பிடிக்கவே இதைக் கரைத்து ஊற்றியது உண்டு.

மகளிர் குழு மூலம் இலுப்பை வெண்ணெய் செய்து ஓசூர், பெங்களூரு கடைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முறைப்படி. தோலுக்குப் பூசும் பொருளைத் தயாரித்து விற்க, 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் விற்பதும், ‘சொறி போகும், மூட்டு வலி தீரும்’ என்று டப்பாவில் எழுதுவதும் சிக்கலில் முடியும். தொடக்கத்தில் எண்ணெயாகவும் பருப்பாகவும், உரிமம் உள்ள சோப்பு, அழகுப்பொருள் தயாரிப்பாளர்களுக்குக் கொடுப்பது சுலபமான வழி. அவர்கள் கேட்பது பூசணம் இல்லாத, நன்றாகக் காய்ந்த பருப்பு. அதற்குத் தேவை தினமும் காலையில் மரத்தடிக்குப் போகும் பழக்கம் மட்டும்தான்.